கிராணி புத்தகத்துல எழுதாம விட்ட மழை

எங்க அப்பா மலேசியாவுல கோலக்கெட்டில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல கிராணியா, அதாவது கணக்கரா, இருந்தாரு. விடியறதுக்கு முன்னாடியே பெரட்டு, எல்லாரும் கூடி ஆள் கணக்கு எடுக்கிறது, அதுக்கப்புறம் ஆளுங்க அவங்கவங்க நிரைக்குப் போய் மரத்துல பால் வெட்டி, பதினோரு மணி வாக்குல பாலத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு வருவாங்க, அப்பா ஒவ்வொரு வாளியா எடை போட்டு பால்ல எவ்வளவு ரப்பர் இருக்குன்னு காட்டுற மெட்ரோலாக்க முக்கிப் பாத்து எழுதிக்கிட்டே இருப்பாரு, பள்ளிக்கூடம் லீவுன்னா நானும் அவரு பக்கத்துல ஒரு முக்காலியில உக்காந்திருப்பேன். அந்த செக்ரோல்ங்கிற ஆள்வாரிக் கணக்குப் புத்தகத்துல ஒண்ணு இன்னும் எங்க வீட்டு அலமாரியில இருக்கு. இடது ஓரத்துல மேல இருந்து கீழ ஆளுங்க பேரு, மேல வரிசையா தேதி, கட்டத்துக்குள்ள கிலோ. மழை பெஞ்ச நாளா இருந்தா அந்தத் தேதிக்கு நேர் மேல செவப்பு பென்சில்ல 'ம'ன்னு ஒரே ஒரு எழுத்து. நடுவுல ரெண்டு மாசம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம வேற ஒரு கிராணி எழுதியிருக்காரு, அந்தப் பக்கங்கள்ல கிலோ மட்டும்தான் இருக்கு, 'ம' கெடையாது.

போன மாசம் தங்கச்சி மவ வந்திருந்தா. யுனியில பயோடெக் கடைசி வருஷம், ரப்பர் பால்ல ஜீன் எக்ஸ்பிரஷன் பாக்குறதுதான் அவ புரொஜெக்ட். பசியாறிக்கிட்டு இருக்கும்போதே லேப்டாப்பத் தொறந்து காட்டுனா, "மாமா, எந்த ஜீன் எந்த ஜீனோட சேந்து ஓடுதுன்னு நெட்வொர்க் போட்டுப் பாருன்னு சொல்றாங்க, போட்டா வலை மாதிரி ஆயிரக்கணக்குல கோடு வருது, இதுல எது நெசமான உறவு, எது சும்மா வந்ததுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"ன்னு கேட்டா. இந்த மாதிரி டேட்டாவோடதான் என் பொழப்பு பல வருஷமா ஓடுது, அதனால இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமான கேள்வி. அவகிட்ட அன்னிக்கு சொன்னத இன்னும் விரிவா எழுதி வைக்கிறேன், தமிழ்ல இதத் தேடுற வேற பிள்ளைங்களுக்கும் உதவும்.

அலமாரியில இருந்து அந்த செக்ரோல எடுத்து அவ முன்னாடி விரிச்சு வச்சுத்தான் ஆரம்பிச்சேன், ஏன்னா ஜீன் எக்ஸ்பிரஷன் டேபிளும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். ஆள் பேரு இருக்கிற எடத்துல ஜீன் பேரு, தேதி இருக்கிற எடத்துல சாம்பிள், கிலோ இருக்கிற எடத்துல அந்த ஜீன்ல இருந்து எவ்வளவு எம்ஆர்என்ஏ, அதாவது ஜீனப் பாத்து செல் எடுக்கிற நகல், வந்துச்சுங்கிற அளவு. ஒரு செல்லுக்குள்ள எல்லா ஜீனும் இருக்கும் ஆனா எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யாது, எது எவ்வளவு வேலை செய்யுதுங்கிறதுக்கு எம்ஆர்என்ஏதான் நமக்குக் கெடைக்கிற அடையாளம். ரப்பர் மரத்துல இது இன்னும் அழகா இருக்கும், பால்ங்கிறது பட்டைக்குள்ள இருக்கிற பால்குழாய் செல்களோட உள்ளச் சாறுதான், அதனால மரத்த வெட்டுனா வழியிற பாலுலயே ஆர்என்ஏ இருக்கு, தனியா டிஷ்யூ அறுத்து எடுக்கவே வேண்டாம்.

1995ல ஸ்டான்ஃபோர்டுல மைக்ரோஅரேங்கிற முறையில முதல் தடவையா பல ஜீன்கள ஒண்ணா அளந்து காட்டுனப்போ அராபிடாப்சிஸ்ங்கிற சின்னச் செடியில 45 ஜீன்தான் அளந்தாங்க. இப்போ ஆர்என்ஏ சீக்வென்சிங்ல ஒரே ஓட்டத்துல ஒரு உயிரோட அத்தன ஜீனையும் அளந்துரலாம். நம்ம ஊரு செம்பனையையே எடுத்துக்குவோம், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் முன்னால நின்னு 2013ல நேச்சர் இதழ்ல வெளியிட்ட ஜீனோம்ல, அதாவது முழு டிஎன்ஏ வரிசையில, கொறஞ்சது 34,802 ஜீன்னு கணக்கு. இதுல ரெண்டு ரெண்டா ஜோடி சேத்தா எத்தன ஜோடி வரும்? 60 கோடிக்கு மேல. மாணவிகிட்ட இருக்கிறதோ 20 சாம்பிள், ரொம்பப் போனா 30. எந்த ஜீனுக்கும் எந்த ஜீனோடயும் சம்பந்தமே இல்லன்னாலும், ஆயிரத்துல ஒண்ணுதான் தற்செயலா தாண்டும்னு கடுமையா ஒரு கோடு கிழிச்சாக்கூட, ஆறு லட்சம் ஜோடி அந்தக் கோட்டத் தாண்டி வந்து நிக்கும். வெறும் எண்ணிக்கையால வர்ற இந்தப் பிரச்சினைக்கு மருந்து இருக்கு, எத்தன ஜோடி சோதிச்சோம்னு கணக்குல எடுத்துக்கிட்டு கோட்ட ஏத்தலாம், எல்லா மென்பொருளும் அதப் பண்ணும். என்னக் கவலப்பட வைக்கிறது அது இல்ல. நெசமாவே கோரிலேஷன் (ரெண்டு எண்ணும் சேந்து ஏறி எறங்குற அளவு, பூஜ்யம்னா சேரல, 1ன்னா முழுசா சேருது) இருக்கு, சாம்பிள் எவ்வளவு கூட்டுனாலும் அது போகாது, ஆனா ரெண்டு ஜீனுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல, அந்த மாதிரி ஜோடிங்கதான் ஆபத்து.

செக்ரோல்ல ரெண்டு பேர எடுத்துக்கங்க. ஒருத்தரு மேட்டு நிரை, இன்னொருத்தரு ஆத்தோரம், ஒருத்தர ஒருத்தரு பெரட்டுல பாக்குறதோட சரி. ஆனா கிலோவப் பாத்தா ஒண்ணா ஏறுது ஒண்ணா எறங்குது. காரணம் யாருக்கும் தெரியும், மழை. மழை பெஞ்சா பட்டை ஈரமா இருக்கும், லேட்டாதான் வெட்ட முடியும், வெட்டுனாலும் பால் மங்குல விழாம மரத்து மேலயே வழிஞ்சு போயிரும். இதுக்கு கணக்கு ரொம்ப எளிமை. மேட்டு ஆளோட கிலோவுக்கும் மழைக்கும் கோரிலேஷன் 0.9ன்னு வச்சுக்குவோம், ஆத்தோரத்து ஆளுக்கு 0.8 (மழை கொறைய கொறைய கிலோ கூடுதுங்கிறதால நெசத்துல ரெண்டும் மைனஸ், ஆனா பெருக்கும்போது ஒண்ணுதான்). ரெண்டையும் பெருக்குனா 0.72. ஆக இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சம்பந்தமும் இல்லாமலே, மழை ஒண்ணாலயே 0.72 கோரிலேஷன் வந்துரும். டேட்டாவுல 0.72தான் பாத்தீங்கன்னா மழையக் கழிச்சதும் மிச்சம் பூஜ்யம். அதே எடத்துல 0.85 பாத்தீங்கன்னா, கழிச்சு மிச்சத்த சரியா வகுத்துப் பாத்தா 0.5 கிட்ட நிக்கும், அப்போ அங்க மழையத் தாண்டி வேற ஏதோ ஒண்ணு இருக்கு. இதத்தான் பார்ஷியல் கோரிலேஷன்னு சொல்றோம். மூணாவது ஆள நிறுத்தி வச்சுட்டு மத்த ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன மிஞ்சுதுன்னு பாக்குறது.

இது அப்பா எழுதுன பக்கங்களுக்கு சரி, அதுல 'ம' இருக்கு. அந்த இன்னொரு கிராணி எழுதுன ரெண்டு மாசத்துக்கு என்ன பண்றது? இங்கதான் இந்தத் துறையோட உயிரே இருக்கு. தங்கச்சி மவள அந்தப் பக்கத்த சும்மா உத்துப் பாக்கச் சொன்னேன். ரெண்டு நிமிஷத்துல விரல வச்சு "இந்த நாள், இந்த நாள், இந்த மூணு நாள் தொடர்ந்து"ன்னு காட்டுனா. நாப்பது பேரும் ஒரே நாள்ல எறங்குனா அது நாப்பது தனித்தனிக் காரணமா இருக்க முடியாது. யாரும் எழுதி வைக்காத மழைய கிலோவே சொல்லுது. ஒரு ஆளு எறங்குனா காய்ச்சலா இருக்கலாம், வீட்டுல சண்டையா இருக்கலாம், ஒண்ணும் சொல்ல முடியாது, ஆனா எல்லாரையும் சேத்துப் பாத்தா அவங்கவங்க சொந்தக் காரணம் ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போயி பொதுக் காரணம் மட்டும் தெளிஞ்சு நிக்கும். ஜீன் ஆயிரக்கணக்குல இருக்கிறது ஜோடி பாக்கும்போது சாபம்னு சொன்னேனே, மறைஞ்ச காரணத்தத் தேடும்போது அதுவே வரம், ஏன்னா ஒரே மழைக்கு 34,802 சாட்சி.

கணக்கு மொழியில சொன்னா, ஒவ்வொரு கட்டத்துல இருக்கிற எண்ணையும் ரெண்டு எண்ணோட பெருக்கலா எழுதுறோம், அந்த நாள் எவ்வளவு மழை, அந்த ஆளு மழைக்கு எவ்வளவு அசைவாரு, அதோட அவருக்கே உரிய மிச்சம். முதல் எண்ணு ஸ்கோர், ரெண்டாவது லோடிங். ரெண்டுமே நமக்குத் தெரியாது, ரெண்டையும் டேபிள்ல இருந்தே கண்டுபிடிக்கணும். ஒரு மழை மட்டும் இல்ல, இன்னும் ரெண்டு மூணு காரணமும் இருக்கலாம், பிப்ரவரி மார்ச்சுல இலை கொட்டி பால் கொறையுறது ஒண்ணு, ஆத்துல தண்ணி ஏறுனா பள்ளத்து நிரை மட்டும் அடிபடறது ஒண்ணு, அதுல மேட்டு ஆளுங்க ஒரு பக்கம் போவாங்க பள்ளத்து ஆளுங்க மறுபக்கம் போவாங்க. இந்த யோசன ஜீனுக்காகப் பொறந்தது இல்ல. 1901ல கார்ல் பியர்சன் எழுதுனதுல இருந்து, பல எண்ண சில பொது ஓட்டமா சுருக்குற பிரின்சிபல் காம்பொனென்ட் வருது, 1904ல சார்லஸ் ஸ்பியர்மேன் பள்ளிப் பிள்ளைங்க மார்க்குல ஒரு பாடத்துல நல்லா வர்றவன் இன்னொண்ணுலயும் நல்லா வர்றான், இதுக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு பொதுத் திறம இருக்குன்னு சொல்லி ஃபேக்டர் அனாலிசிஸ ஆரம்பிச்சு வச்சாரு. 2000ல ஆல்ட்டர், பிரவுன், பாட்ஸ்டைன் மூணு பேரும் அத ஈஸ்ட் ஜீன் டேட்டாவுல போட்டுக் காட்டுனாங்க, அங்க வர்ற பொது ஓட்டத்துக்கு ஐகன்ஜீன்னு பேரு வச்சாங்க.

இந்த மறைஞ்ச பொதுக் காரணத்தத்தான் ஃபேக்டர்னு சொல்றோம். எத்தன காரணம் இருக்குன்னு எப்படி முடிவு பண்றதுன்னு அவ கேட்டா. எனக்குப் பிடிச்ச வழி பழைய வழிதான், 1965ல ஹார்ன் ஆரம்பிச்சு வச்சதோட ஒரு வடிவம். ஒவ்வொரு ஆளோட வரிசையையும் தனித்தனியா சீட்டுக் குலுக்குற மாதிரி கலச்சுடு, இப்போ யாருக்கும் யாரோடயும் பொது மழை இல்ல, அதுலயும் ஏதோ ஒரு முதல் ஃபேக்டர் வரத்தான் செய்யும், தற்செயலா. உன் நெசமான டேட்டாவுல வர்ற ஃபேக்டர் இந்தக் கலச்ச டேட்டாவுல வர்றதவிட பெருசா இருந்தா வச்சுக்க, இல்லன்னா விடு. இதுல பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல, ஆனா நேர்மையான வழி.

இப்போ முக்கியமான எடத்துக்கு வர்றேன். கண்டுபிடிச்ச ஃபேக்டருக்குப் பேரு கெடையாது. கம்ப்யூட்டர் "ஃபேக்டர் ஒண்ணு"ன்னுதான் சொல்லும், அது மழைன்னு சொல்லாது. அதோட ப்ளஸ் மைனஸ் கூட நம்ம இஷ்டம், ரெண்டு ஃபேக்டர் இருந்தா அத ஒண்ணோட ஒண்ணு கலந்து திருப்பி வச்சாலும் டேட்டாவுக்கு அதே அளவு பொருந்தும். எல்லாரும் ஒரு நாள்ல எறங்குனது மழையாலயும் இருக்கலாம், அன்னிக்கு ஸ்டோர்ல தராசு மாத்துனதாலயும் இருக்கலாம். தராசு பத்து கிலோவுக்கு ஒரு கிலோ கொறச்சுக் காட்டுனா நாப்பது பேரும்தான் எறங்குவாங்க. மரத்துக்கு ஒண்ணுமே ஆகல, அளந்த விதம் மாறிப்போச்சு. லேப்ல இதுக்கு பேட்ச் எஃபெக்ட்னு பேரு. எந்த நாள் ஆர்என்ஏ எடுத்தாங்க, எந்த கிட், எந்த மெஷின், யாரு கை, எல்லாமே ஆயிரக்கணக்கான ஜீன ஒண்ணா தள்ளும்.

2007ல நடந்தத இதுக்கு எப்பவும் சொல்லுவேன். நேச்சர் ஜெனெட்டிக்ஸ்ல ஒரு கட்டுர வந்துச்சு, ஐரோப்பிய வம்சாவளி ஆளுங்களோட செல்லயும் ஆசிய ஆளுங்களோட செல்லயும் ஒப்பிட்டு, சோதிச்ச 4,197 ஜீன்ல 1,097 ஜீனோட அளவு வேறுபடுதுன்னு. கேக்கவே பெரிய விஷயம், நாலுல ஒரு ஜீன் ரெண்டு மக்களுக்கும் வேற மாதிரி ஓடுதுன்னா எவ்வளவு பெரிய பேச்சு. அதே வருஷம் ஜோஷுவா ஏக்கி, ஷமீக் பிஸ்வாஸ், ஜெஃப்ரி லீக், ஜான் ஸ்டோரி நாலு பேரும் அந்த டேட்டாவ எடுத்து ஒவ்வொரு மைக்ரோஅரே சிப்பும் எந்தத் தேதியில ஓடுச்சுன்னு பாத்தாங்க. ஐரோப்பிய சாம்பிள்கள் பெரும்பாலும் 2003, 2004ல ஓடுனது, ஆசிய சாம்பிள்கள் 2005, 2006ல ஓடுனது. வேறுபாடு மக்களாலயா வருஷத்தாலயான்னு அந்த டேட்டாவ வச்சுப் பிரிக்கவே முடியாது. எந்த மாடலும் பிரிக்காது. மேட்டு ஆளுங்கள எல்லாம் பழைய தராசுலயும் பள்ளத்து ஆளுங்கள எல்லாம் புதுத் தராசுலயும் போட்டுட்டு மேட்டு மரம் நல்ல மரமான்னு கேட்டா என்ன பதில் சொல்ல முடியும்? ஜீன்கள் மக்களுக்கு மக்கள் கொஞ்சமும் மாறாதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அந்தப் பெரிய எண்ணு மட்டும் நிக்காது. மனுஷங்கள எனம் பிரிச்சுப் பேசுற விஷயம் இது, அதனாலயே இதுல கவனக்கொறைவு இருக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு ஆத்திரமே உண்டு.

அந்த நாலு பேருல லீக்கும் ஸ்டோரியும் அதே 2007ல சரோகேட் வேரியபிள் அனாலிசிஸ்னு ஒரு முறையக் குடுத்தாங்க, சுருக்கமா எஸ்விஏ. அதுல உள்ள புத்தி எளிமையானது. நீ என்ன தேடுறியோ, மருந்து வச்ச மரமா வைக்காத மரமாங்கிற மாதிரி, அத முதல்ல மாடல்ல நிறுத்தி வச்சுரு, அது விளக்காத மிச்சத்துல பொதுவா ஓடுற ஓட்டத்தத் தேடு, கெடச்சத மழைக்குப் பதிலா நிக்கிற வேரியபிளா மாடல்ல சேரு. அதே வருஷம் ஜான்சன், லி, ரபினோவிச் குடுத்த காம்பேட் வேற வழி, எந்த சாம்பிள் எந்த பேட்ச்னு உனக்கே தெரிஞ்சிருந்தா அதச் சொல்லிரு, சின்ன பேட்ச்சா இருந்தாலும் எல்லா ஜீன்ல இருந்தும் பலம் கடன் வாங்கி அளவ சரி பண்ணும். காம்பேட் 'ம' எழுதுன பக்கத்துக்கு, எஸ்விஏ எழுதாத பக்கத்துக்கு.

எனக்கே இது பட்டுத்தான் தெரிஞ்சது. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு லேப் அனுப்புன டேட்டாவுல ரெண்டு அழகான கும்பல் வந்துச்சு, கத்தியால வெட்டுன மாதிரி பிரிஞ்சு நின்னுச்சு, நோயில ரெண்டு வகை இருக்குன்னு மூணு வாரம் அதையே நம்பி ஜீன் பட்டியல் எல்லாம் போட்டு வச்சிருந்தேன். அப்புறம் சாம்பிள் டப்பாவுல ஒட்டியிருந்த தேதிய ஒருத்தர் சொல்லிக் கேட்டப்போதான் ஒரு கும்பல் முழுக்க ஒரு நாள், இன்னொரு கும்பல் முழுக்க இன்னொரு நாள். மூணு வாரமும் போச்சு. அன்னியில இருந்து எந்த டேட்டா வந்தாலும் ஜீனப் பாக்குறதுக்கு முன்னாடி தேதியப் பாப்பேன்.

சரி, அப்போ மறைஞ்ச ஃபேக்டர் எல்லாத்தையும் கழிச்சுட்டா டேட்டா சுத்தமாயிருமான்னா, இங்கதான் நெறைய பேரு வழுக்குறாங்க. அமெரிக்காவுல ஜிடெக்ஸ்னு ஒரு பெரிய திட்டம், மனுஷ உடம்போட பல டிஷ்யூவுல ஜீன் அளவு எடுத்தாங்க. அங்க ஸ்டீகிள் கூட்டத்தோட 2010 பேயேசியன் முறைய வச்சு, 350 சாம்பிளுக்கு மேல இருக்கிற டிஷ்யூவுக்கு 60 மறைமுக ஃபேக்டர் வரைக்கும் கழிச்சாங்க. அறுபது! அவங்க கேள்விக்கு அது சரி, ஒரு டிஎன்ஏ எழுத்து மாறுனா பக்கத்துல இருக்கிற ஜீன் மாறுதாங்கிறதுதான் அவங்க கேட்டது, அந்தக் கேள்விக்கு எல்லா ஜீனையும் சேத்து அசைக்கிற எதுவும் தூசிதான். ஆனா ஜீனுக்கும் ஜீனுக்கும் உள்ள உறவத் தேடுறவன் கதை வேற. நூத்துக்கணக்கான ஜீன ஒண்ணா இயக்குற ஒரு பெரிய சுவிட்ச் இருந்தா, கணக்குக்கு அதுவும் மழை மாதிரிதான் தெரியும். தராசுக் கோளாறுன்னு நெனச்சு அதையும் சேத்துக் கழிச்சா நீ தேடி வந்ததையே தூக்கி எறிஞ்சுட்டேன்னு அர்த்தம். ரத்த சாம்பிளா இருந்தா இன்னும் சிக்கல், நோய் வந்தா வெள்ளணுக்கள்ல எந்த வகை எவ்வளவுங்கிற கலப்பே மாறும், அந்தக் கலப்பு ஆயிரம் ஜீன அசைக்கும், அது தூசியா நோயோட பாகமா? கணக்கு இதுக்குப் பதில் சொல்லாது, நீ என்ன கேக்குறேங்கிறதுதான் சொல்லும்.

கழிக்கக் கூடாதத கழிச்சா இல்லாத உறவு பொறக்கவும் செய்யும், இது நெறைய பேருக்குத் தெரியாது. தோட்டத்துல மறுநடவுக்கு ஒரு மரத்தக் குறி போடுறாங்கன்னா ஒண்ணு அதுக்கு வேர்ல நோய் இருக்கணும், இல்ல பால் வத்திப் போயிருக்கணும். குறி போட்ட மரங்கள மட்டும் எடுத்துப் பாத்தா நோய் இல்லாத மரம் எல்லாம் பால் வத்துன மரமா இருக்கும், பால் இருக்கிற மரம் எல்லாம் நோய் மரமா இருக்கும், அப்போ நோய் வந்தா பால் நல்லா வருதுன்னு ஒரு உறவு முளைக்கும். தோட்டம் முழுக்கப் பாத்தா அப்படி ஒண்ணும் இருக்காது. காரணத்தக் கழிச்சா பொய் உறவு போகும், ரெண்டோட விளைவக் கழிச்சா பொய் உறவு வரும். ஃபேக்டருக்குப் பேரு இல்லன்னு சொன்னேனே, அது காரணமா விளைவான்னும் அது மூஞ்சியில எழுதியிருக்காது, அதனாலதான் கண்ண மூடிக்கிட்டு கழிக்காதேன்னு சொல்றது.

மழை, தராசு எல்லாம் போனப்புறம் மிஞ்சுறதுலதான் நெசமான பக்கத்து உறவு இருக்கும். அப்பாவோட புத்தகத்துல அப்படி ஒரு ஜோடி இருக்கு, புருஷன் பொண்டாட்டி, பக்கத்துப் பக்கத்து நிரை. மழையே இல்லாத நாள்ல மத்த முப்பத்தெட்டு பேரும் நல்லா இருக்கும்போது இவங்க ரெண்டு பேரு மட்டும் சேந்து எறங்கியிருக்காங்க, அப்பாவ கேட்டா "அவங்க கடைக்குட்டிக்கு இழுப்பு, ஆயா கொட்டகையில விட முடியாது"ன்னாரு. இந்த மாதிரி உறவத் தேடுறதுக்கு எல்லாரையும் நிறுத்தி வச்சுட்டு ரெண்டு ரெண்டு பேரா பார்ஷியல் கோரிலேஷன் பாக்கணும், ஆனா ஜீன் ஆயிரக்கணக்கு சாம்பிள் முப்பதுன்னா அந்தக் கணக்கே ஓடாது, தெரியாத எண்ணு தெரிஞ்ச எண்ணவிட எக்கச்சக்கம். 1972ல டெம்ப்ஸ்டர் ஒரு வழி காட்டுனாரு, பெரும்பாலான ஜோடிக்கு நடுவுல நேரடி உறவு இல்லன்னே எடுத்துக்க, தேவையான கோட்ட மட்டும் வை. 2008ல ஃப்ரீட்மேன், ஹேஸ்டி, டிப்ஷிரானி குடுத்த கிராஃபிக்கல் லாசோ அத வேகமா பண்ற வழி, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வெல வச்சுரும், வெலைக்குத் தகுந்த பலன் இல்லாத கோடு தானா பூஜ்யமாயிரும்.

ஆனா மழைய எழுதாத பக்கத்துல லாசோவ மட்டும் போட்டா அது மழையையும் கோடுகளாவே வரையும், எல்லாருக்கும் எல்லாரோடயும் கோடு, அவ லேப்டாப்புல இருந்த வலை அதுதான். 2012ல சந்திரசேகரன், பாரிலோ, வில்ஸ்கி மூணு பேரும் ரெண்டையும் ஒரே கணக்குல வச்சாங்க. டேபிள்ல தெரியிற உறவ ரெண்டா பிரிக்கணும், ஒண்ணு கொஞ்சமே கொஞ்சம் கோடு உள்ள வலை, இன்னொண்ணு எல்லாரையும் அசைக்கிற ஆனா எண்ணிக்கையில சில காரணம் மட்டும் உள்ள பாகம். மழைங்க சிலதுதான், ஆனா எல்லார் மேலயும் பெய்யும். புருஷன் பொண்டாட்டி உறவு பல, ஆனா ஒவ்வொண்ணும் ரெண்டு பேருக்குள்ளதான். இந்த ரெண்டு வடிவமும் வேற வேறயா இருக்கிறதாலதான் பிரிக்க முடியுது. ஒரு மழை மூணே மூணு பேர் மேல மட்டும் பெஞ்சா இந்தக் கணக்கும் கொழம்பிரும். இந்தத் துறையில நான் படிச்சதுல மனசுக்கு ரொம்பப் பிடிச்ச யோசன இது.

ரப்பர் பாலுக்குன்னே ஒரு எச்சரிக்கை சொல்லணும். சீக்வென்சிங்ல வர்றது கிலோ இல்ல, பங்கு. மெஷின் இத்தன கோடி துண்டு படிக்கும், அதுல ஒவ்வொரு ஜீனுக்கும் எத்தன. பால்ல ஆர்ஈஎஃப், எஸ்ஆர்பிபின்னு ரப்பர் துகளோட சம்பந்தப்பட்ட ஜீன்ங்க மட்டும் பெரிய பங்க அள்ளிரும். அதுங்க ஏறுனா மத்ததெல்லாம் அசையாம இருந்தாலும் எறங்குன மாதிரி தெரியும், இத 1897லயே பியர்சன் பங்குகளுக்கு நடுவுல வர்ற பொய்க் கோரிலேஷன்னு சொல்லி வச்சிருக்காரு. அதனால லாகரிதம் எடுத்து, பெரிய ஜீன்ங்க இழுக்காத மாதிரி அளவ சரி பண்ணிட்டுத்தான் மத்த எல்லாம்.

இன்னொண்ணு, சில மறைஞ்ச காரணம் தராசோ மழையோ இல்ல, செல்லுக்குள்ளயே இருக்கிற முதலாளி. மத்த ஜீன இயக்குற புரோட்டீன்ங்க பல நேரம் அதோட எம்ஆர்என்ஏ அளவு பெருசா மாறாமலே விழிச்சுக்கும். மனுஷ உடம்புல பி53ங்கிற புரோட்டீன் அப்படித்தான், டிஎன்ஏ அடிபட்டா புரோட்டீன் அழியாம நின்னு வேலை செய்யும், எம்ஆர்என்ஏவ மட்டும் அளக்குறவனுக்கு அது தெரியாது, அது இயக்குற பி21 மாதிரி ஜீன்ங்க ஒண்ணா ஏறுறத வச்சுத்தான் முதலாளி வந்துட்டாருன்னு தெரியும். 2003ல ஜேம்ஸ் லியாவோ கூட்டம் இதுக்கு நெட்வொர்க் காம்பொனென்ட் அனாலிசிஸ்னு ஒரு வழி குடுத்தாங்க, எந்த முதலாளி எந்த ஜீன இயக்க முடியும், எத இயக்கவே முடியாதுன்னு முன்னாடியே தெரிஞ்ச படத்த உள்ள குடுத்துட்டா, ஃபேக்டர இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது, அதுக்குப் பேரும் வந்துரும்.

மாடல் சொன்ன நிழல நெசமான பொருளாப் பிடிக்கிறது எப்பவும் லேப்லதான். நம்ம செம்பனையிலயே அதுக்கு ஒரு கதை இருக்கு. டிஷ்யூ கல்ச்சர்ல வளத்த செம்பனையில சில மரத்துல பழம் கோணலா வரும், மேண்டில்ட்னு சொல்லுவாங்க, எண்ணெய் மகசூல் கொறஞ்சுரும். ஒரே தாய் மரத்தோட நகல், டிஎன்ஏ எழுத்தும் ஒண்ணு, உரமும் மண்ணும் ஒண்ணு, பின்ன ஏன் ஒண்ணு நல்லா காய்க்குது ஒண்ணு கெட்டுப்போகுது? பல வருஷமா விடை இல்லாம இருந்தது. 2015ல செம்பனை எண்ணெய் வாரியத்து ஆளுங்க வெளிநாட்டு ஆளுங்களோட சேந்து நேச்சர்ல விடை சொன்னாங்க, டெஃபீஷியன்ஸ் ஜீனுக்குள்ள கர்மாங்கிற ஒரு தாவுற டிஎன்ஏ துண்டு ஒக்காந்திருக்கு, அது மேல மெத்தில்ங்கிற வேதிக் குறி நெறைய இருந்தா பழம் நல்லா வருது, குறி கழண்டு போயிருந்தா கோணல். நல்ல கர்மா கெட்ட கர்மான்னே பேரு வச்சாங்க. டிஎன்ஏ எழுத்த மட்டும் பாக்குறவனுக்கு அந்தக் குறி தெரியவே தெரியாது, புத்தகத்துல அதுக்குக் கட்டமே இல்ல. அந்தக் கட்டத்தப் போட்டு அளந்தாங்க, கெடச்சது. நெலத்துல நடுறதுக்கு முன்னாடியே கன்னுலயே எது கெட்டுப்போகும்னு இப்போ பாக்கலாம், வருஷக்கணக்குல உரம் போட்டு ஏமாற வேண்டாம்.

இதெல்லாம் பேசி முடிக்கிறப்போ கோப்பி ஆறிப் போச்சு. அவ புரொஜெக்ட் என்னன்னா பால் கூட வர்றதுக்குப் போடுற எத்தபோன் மருந்து தடவுன மரத்துக்கும் தடவாத மரத்துக்கும் பால்ல ஜீன் எப்படி மாறுதுன்னு. எப்போ சாம்பிள் எடுக்கப் போறேன்னு கேட்டேன். "திங்கக்கெழம மருந்து வச்ச பன்னெண்டு மரம், செவ்வாக்கெழம வைக்காத பன்னெண்டு மரம், அப்படித்தான் மாமா வண்டி கெடச்சிருக்கு"ன்னா. நான் செக்ரோல மூடாம அவ பக்கம் தள்ளுனேன். கொஞ்ச நேரம் பாத்தா, அப்புறம் அவளே நோட்ட எடுத்து கோடு போட ஆரம்பிச்சா, ரெண்டு நாளும் ஆறு ஆறு, மருந்து மரமும் மருந்தில்லாத மரமும் மாத்தி மாத்தி, ஆர்என்ஏ எடுக்குறப்பவும் ஒரே டப்பாவுல ரெண்டையும் கலந்து. பக்கத்துல கட்டம், வெட்டுன நேரம், கிட் நம்பர், மரம் மேடா பள்ளமா.

"வெட்டுனது யாருன்னும் எழுதணுமா மாமா?"

"எழுது. ராத்திரி மழை பெஞ்சுச்சான்னும் எழுது."